ரா படங்களை மொத்தமாக ஜேபெக் ஆக்க நான் பின்பற்றும் வழி

விடியற்காலையில் ஏரிக்கரையில் மூன்று மணி நேரம் நின்றால் என் மெமரி கார்டில் 600 படங்களாவது சேர்ந்துவிடும். போன தடவை 612. கேமரா 24 மெகாபிக்சல், ஒரு ரா கோப்பு (சென்சார் அளந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) சுமார் 28 எம்பி, மொத்தம் 17 ஜிபி. பறவை பார்க்கக் கூட வந்தவர்கள் மதியமே படம் கேட்பார்கள். ரா கோப்பை அப்படியே அனுப்பினால் பலருடைய ஃபோனில் திறக்காது. எங்கும் திறக்கும் ஜேபெக்காக ஒவ்வொன்றாக மாற்ற நேரம் இல்லை, கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் ஒரே அமைப்பில் மாற்றினால் பாதிப் படம் வீணாகிவிடும். அதனால் பல தடவை செய்து பார்த்து ஒரு வழியைப் பழகிக்கொண்டேன்.

ராவில் இருப்பது இன்னும் படமாகவில்லை. பெரும்பாலான கேமராக்களில் சென்சாரின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒன்றை மட்டுமே அளக்கிறது. மற்ற இரண்டையும் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து மென்பொருள்தான் கணக்குப் போட்டு நிரப்புகிறது. 14 பிட் ராவில் ஒரு புள்ளிக்கு 16,384 வெளிச்சப் படிகள் உண்டு. ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 தான். கேமராவில் வைத்த ஒயிட் பேலன்ஸ்கூட (வெளிச்சத்தின் நிறச்சாயலைச் சரிக்கட்டும் அமைப்பு) ராவுக்குள் ஒரு குறிப்பாகத்தான் கிடக்கிறது, மாற்றும் நேரத்தில்தான் அது நிறமாகிறது. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று அப்போது யாராவது முடிவு செய்தாக வேண்டும். நீங்கள் செய்யாவிட்டால் மென்பொருள் தனக்குத் தோன்றியபடி செய்துவிடும்.

அவசரத்துக்கு ஒரு குறுக்கு வழி இருக்கிறது. கேமராவின் திரையில் காட்டுவதற்காகப் பெரும்பாலான ரா கோப்புகளுக்குள்ளேயே ஒரு ஜேபெக் இருக்கும். எக்சிஃப்டூல் என்ற இலவசக் கருவி அதை அப்படியே உருவி எடுத்துவிடும். அதில் மாற்றும் வேலையே இல்லாததால் நூற்றுக்கணக்கான கோப்புகளும் சட்டென்று முடியும். சில கேமராக்களில் அந்த ஜேபெக் முழு அளவில் இருக்கும், சிலவற்றில் சிறியதாக இருக்கும். கேமரா கொடுக்கும் நிறமே போதும் என்பவர்களுக்கு இதுவே போதும், வெட்கப்பட ஒன்றுமில்லை.

எனக்கு அது போதாது. நான் பயன்படுத்துவது ராதெரபி என்ற, ராவை மாற்றும் மென்பொருள். இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். டார்க்டேபிள், லைட்ரூம் வைத்திருப்பவர்களும் இதே முறையில் செய்யலாம், பொத்தான்களின் இடம்தான் மாறும். ஒன்றைக் கவனியுங்கள்: கேமரா புதியதாகவும் மென்பொருள் பழையதாகவும் இருந்தால் கோப்பு திறக்காமல் போகலாம். கேனான் 2018-இல் தன் ரா கோப்பு வடிவத்தைச் சிஆர்2-இலிருந்து சிஆர்3-க்கு மாற்றத் தொடங்கியபோது பலர் இப்படிச் சிக்கினார்கள். மென்பொருளைப் புதுப்பித்துப் பாருங்கள். அதுவும் உதவாவிட்டால் அடோபியின் இலவச டிஎன்ஜி மாற்றியில் முதலில் டிஎன்ஜி என்ற பொதுவான ரா வடிவம் ஆக்கிவிட்டு அதைத் திறக்கலாம்.

கார்டிலிருந்து நேராக மாற்றாதீர்கள். கணினியில் ஒரு நகல், வெளி ஹார்டு டிஸ்கில் இன்னொரு நகல் வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். எல்லாம் முடியும்வரை கார்டை அழிக்க வேண்டாம். அப்புறம் தேறாத படங்களை ஒதுக்குங்கள். அந்த 612-இல் கண் தெளிவாக விழாதவை, இறக்கை வெட்டுப்பட்டவை, ஒரே மாதிரி பத்து இருந்தால் அதில் ஒன்பது என்று ஒதுக்கியதும் மிஞ்சியது 140.

இனிதான் முக்கியமான வேலை. அந்த 140 படங்களையும் வெளிச்சத்தை வைத்துப் பிரிக்கிறேன். சூரியன் வருமுன் பனிமூட்டத்தில் ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறன் அளவை) 3200-க்கு ஏற்றி எடுத்தவை ஒரு கட்டு. வெயில் ஏறியபின் ஐஎஸ்ஓ 400-இல் எடுத்தவை இன்னொன்று. மரநிழலில் எடுத்தவை மூன்றாவது. பறவை எது என்று பார்த்துப் பிரிப்பதில்லை. ஒரே வெளிச்சத்தில் எடுத்த படங்களுக்குத்தான் ஒரே ஒயிட் பேலன்ஸும் ஒரே நாய்ஸ் (படத்தில் தெரியும் பொடிப் புள்ளிகள்) குறைப்பும் பொருந்தும். பனியில் எடுத்ததற்கான நாய்ஸ் குறைப்பை வெயிலில் எடுத்ததற்குப் போட்டால் இறகின் இழை எல்லாம் மெழுகு பூசினாற்போல் ஆகிவிடும்.

ஒவ்வொரு கட்டிலும் மாதிரிக்கு ஒரு படத்தை எடுத்துக்கொள்வேன். அது கட்டிலேயே அழகான படமாக இருக்க வேண்டியதில்லை, மற்றவற்றைப் போலவே இருக்க வேண்டும். அன்றைக்கு நிழல் கட்டுக்கு மீன்கொத்தி. 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, முதுகின் நீலம் வயிற்றின் ஆரஞ்சைத் தொடும் ஓரத்தைப் பார்த்தேன். நீலம் அதிகம் ஏறினால் இறகின் வரிகள் மறைந்து ஒரே வண்ணத் திட்டாகிவிடும். வண்ண அடர்த்தியைக் கொஞ்சம் இறக்கியதும் வரிகள் திரும்ப வந்தன. வெயில் கட்டுக்கு வெள்ளைக் கொக்கு. கழுத்துப் பக்கம் வெளிச்சத்தின் உச்ச எண்ணான 255-ஐத் தொட்டு வெறும் வெள்ளையாக நின்றது, எக்ஸ்போஷரை (மொத்த வெளிச்சத்தை) அரை ஸ்டாப் குறைத்த பிறகே இறகு இறகாகத் தெரிந்தது. மாதிரியைச் சரிசெய்தபின் அதே அமைப்பைக் கட்டிலேயே மிக வெளிச்சமான படத்திலும் மிக இருண்ட படத்திலும் போட்டுப் பாருங்கள். இரண்டும் தாங்கினால் நடுவில் இருப்பவையும் தாங்கும்.

அடுத்து, மாதிரிப் படத்தின் புரோஃபைலை (அதில் செய்த அமைப்புகளின் தொகுப்பை) நகலெடுத்து, கட்டிலுள்ள மற்ற எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ஒட்ட வேண்டும். இங்கே ஒரு பாடம் படித்திருக்கிறேன். ஒருமுறை மாதிரியை நெருக்கமாக வெட்டி வைத்திருந்தேன். முழுப் புரோஃபைலையும் ஒட்டியதால் அந்த வெட்டும் சேர்ந்து எல்லாப் படங்களுக்கும் போய்விட்டது. பறவை இடப்பக்கம் இருந்த படங்களில் எல்லாம் தலையைக் காணோம். அதிலிருந்து பகுதியாக ஒட்டும் வசதியைத்தான் பயன்படுத்துகிறேன். வெட்டு, சாய்வு இரண்டின் டிக்கையும் எடுத்துவிட்டு மற்றவற்றை மட்டும் ஒட்டுவேன்.

பிறகு கியூ, அதாவது மாற்றக் காத்திருக்கும் படங்களின் வரிசை. தேர்ந்தெடுத்த படங்களைக் கியூவில் சேர்த்து, வெளியீடு தனி ஃபோல்டருக்குப் போகும்படி வைத்துவிடுங்கள், ராவோடு கலக்க வேண்டாம். ஜேபெக் தரத்தை 92 வைக்கிறேன். அதற்கு மேலே போனால் கோப்பு பெருக்கிறதே தவிர கண்ணுக்கு வித்தியாசம் தெரிவதில்லை. நிறத் தகவலைச் சுருக்கும் சப்சாம்ப்ளிங்கில் மட்டும் 'சிறந்த தரம்' என்பதையே எடுங்கள். அந்த நீலமும் ஆரஞ்சும் சந்திக்கும் ஓரம் ஒன்றுக்குள் ஒன்று கசியாமல் இருப்பது அதனால்தான். நிற வெளிக்கு (படத்தில் வரக்கூடிய நிறங்களின் எல்லைக்கு) பொதுவாகப் புழங்கும் எஸ்ஆர்ஜிபி. அதைவிட அகலமான புரோஃபோட்டோவில் அனுப்பினால் நிற மேலாண்மை இல்லாத திரையில் படம் சோகை பிடித்தாற்போல் வெளுத்துத் தெரியும்.

அச்சுக்குப் போகும் படம் என்றால் ஜேபெக்குக்குப் பதில் 16 பிட் டிஃப் என்ற கோப்பு வடிவம். ஆனால் 24 மெகாபிக்சலை மூன்று நிறத்தாலும் இரண்டு பைட்டாலும் பெருக்கிப் பாருங்கள், சுருக்காத ஒரு கோப்பு 144 எம்பி வரும். 140 படத்துக்கு 20 ஜிபி. உண்மையிலேயே அச்சிடப்போகிற நாலைந்துக்கு மட்டும் செய்தால் போதும்.

மொத்தத்தையும் ஓடவிடுமுன் ஒவ்வொரு கட்டிலிருந்தும் இரண்டு படங்களை மட்டும் மாற்றி ஃபோனில் திறந்துபாருங்கள். சரி என்றால் மீதியை ஓடவிட்டு எழுந்து போகலாம். என் பழைய மடிக்கணினி 140 படத்துக்கு அரை மணி நேரம் எடுத்துக்கொள்கிறது.

முடிந்ததும் எண்ணுங்கள். 140 போனால் 140 வர வேண்டும். வந்தவற்றைக் கோப்பின் அளவுப்படி வரிசைப்படுத்தினால் கெட்டுப்போனவை பெரும்பாலும் ஒரு ஓரத்தில் வந்து நிற்கும். மற்றவை 10 எம்பி இருக்கும்போது ஒன்று மட்டும் 300 கேபி என்றால் திறந்துபாருங்கள். எடுத்த தேதியும் நேரமும் ஜேபெக்குக்குள் வந்திருக்கிறதா என்று ஒன்றில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ராவை அழித்துவிடாதீர்கள். அதன் பக்கத்திலேயே ராதெரபி எழுதி வைக்கும் பிபி3 என்ற குட்டிக் கோப்பையும் சேர்த்தே வையுங்கள். சில கேபிதான், ஆனால் நீங்கள் எடுத்த முடிவுகள் அத்தனையும் அதில்தான் இருக்கின்றன. ஃபோல்டரை வேறு டிஸ்குக்கு நகர்த்தும்போது ராவை மட்டும் தேர்ந்தெடுத்து நகர்த்தினால் அது பின்தங்கிவிடும். முழு ஃபோல்டராகவே நகர்த்துங்கள்.