மாரிக்குக் கரையேற்றிய படகு: நாம் விடும் பிழைகள்

ஐப்பசியில் வாடை எழும்பத் தொடங்கினால் முல்லைத்தீவுக் கரை முழுக்கப் படகுகள் மேலே ஏறிவிடும். கடல் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும் நாட்களில் சிலர் இறக்குவார்கள். மற்றவர்கள் தை வரைக்கும் தொடுவதில்லை. தையில் தள்ளப் போகும்போதுதான் வெடிப்பும் உளுத்த பலகையும் கண்ணில் படும்.

எல்லோருக்கும் பயம் காற்றின் மேல்தான். தாழமுக்கம் என்று வானொலி சொன்னதும் கயிறு தேடி ஓடுவோம். நான் பார்த்த அளவில், கரையில் கிடந்து கெட்ட படகுகளில் பெரும்பாலானவற்றைக் கெடுத்தது உள்ளே நின்ற மழைத்தண்ணீர்.

ஒரு சின்னக் கணக்குப் போடலாம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லீட்டர் தண்ணீர். வாய் திறந்து கிடக்கும் பைபர் படகுக்கு 8 சதுர மீட்டர் என்று வையுங்கள். மாரியில் ஒரே நாளில் 100 மில்லிமீட்டர் கொட்டுவது வன்னிக்குப் புதினம் இல்லை. 800 லீட்டர் சேர்ந்தால் 800 கிலோ. கடலில் மிதக்கும்போது அடிப்பாகம் முழுவதையும் தண்ணீர் தாங்கும். கரையில் இரண்டு பனங்குற்றியின் மேல் வைத்தால் அத்தனை பாரமும் அந்த இரண்டு இடத்தில்தான் இறங்கும். குற்றி முட்டும் இடத்தில் மயிர்போல ஒரு வெடிப்பு விழும். நடுவில் ஒரே குற்றி வைப்பது இன்னும் மோசம்.

ஆகவே, பின்பக்கம் அடியில் இருக்கும் துளையின் மூடியைக் கழற்றிவிட்டு, அணியத்தை (முன்பக்கத்தை) ஒரு முழமாவது உயர்த்தி வையுங்கள். துளை மண்ணில் புதைந்தால் கழற்றியும் பயனில்லை. ஏரா (அடியில் நடுவே ஓடும் முதுகெலும்பு) ஓடும் நீளத்துக்கு மூன்று நான்கு இடத்தில் தாங்கல் கொடுத்து, பக்கங்களுக்குப் பழைய டயர் வைத்தால் போதும். துளையே இல்லாத படகு என்றால் கவிழ்த்து வைப்பதுதான் நல்லது. கவிழ்த்த படகுக்குள் காற்றுப் புகுந்தால் தூக்கிவிடும், அதனால் கட்டு இறுக்கமாக இருக்க வேண்டும்.

என் சித்தப்பாவின் படகு வெளியே புதுசுபோலவே இருந்தது. தையில் எஞ்சினை மாட்டி இழுத்தபோது பின்பலகை ஆடியது. சுத்தியலால் தட்டிப் பார்த்தார். ஒரு பக்கம் ‘டக்’ என்றது, மறுபக்கம் நனைந்த சாக்கைத் தட்டியதுபோல ‘தொப்’ என்றது. பைபருக்கு நடுவே இருந்த பலகை உளுத்துப் போயிருந்தது. எஞ்சினைக் கழற்றியபோது ஆணித் துளைகளை அடைக்காமல் விட்டதுதான் காரணம். அந்த நான்கு துளைக்கும் சிலிக்கன் பூச அரை மணித்தியாலம் போதும். பழைய வெடிப்புகளையும் புரட்டாதி வெயிலிலேயே ஒட்டிவிடுங்கள். ஈரம் ஊறிய பைபரில் ரெசின் ஒழுங்காகப் பிடிக்காது.

அடுத்தது தறப்பாள். படகின் வாய்க்கு மேல் தட்டையாக இழுத்துக் கட்டினால் மழை பெய்ததும் நடுவில் குளமாகும், பிறகு கிழியும். கிழியாவிட்டாலும் உள்ளே புழுங்கி ஈரம் காயாது. நீளத்துக்கு ஒரு மூங்கில் கட்டி, வீட்டுக் கூரை போலச் சரிவாகப் போட்டு, இரண்டு முனையையும் காற்றுக்குத் திறந்து விடுங்கள். கிடுகு கிடைத்தால் நான் கிடுகுக் கொட்டிலைத்தான் சொல்வேன். வெயிலையும் மறைக்கும், காற்றும் போய்வரும்.

நிழலுக்கு ஆசைப்பட்டுத் தென்னைக்குக் கீழே விடுபவர்களும் உண்டு. தேங்காய் விழுந்த அணியத்தைப் பார்த்தவர்கள் இரண்டாம் முறை விடமாட்டார்கள்.

எவ்வளவு மேலே ஏற்றுவது? வைகாசியில் அலை எட்டிய இடத்தை வைத்துக் கணக்குப் பார்க்கக் கூடாது. வாடையில் கடல் கரையையே தின்னும். அடம்பன் கொடியும் இராவணன் மீசைப் புல்லும் அடர்ந்து நிற்கும் இடத்தையும் தாண்டி ஏற்றுவது பாதுகாப்பு. நந்திக்கடல் களப்புப் பக்கம் வேறு பிரச்சினை. வட்டுவாகலில் முகத்துவாரம் திறக்கும் முன்னர் தண்ணீர் மெல்ல மெல்ல ஏறும். குட்டையான கயிற்றில் மரத்தோடு கட்டிய படகு மேலே எழும்ப முடியாமல் ஒரு பக்கம் சரிந்து நிரம்பிவிடும். அங்கே கயிறு நீளமாக இருக்கட்டும். கடற்கரையில் கட்ட மரம் இல்லையென்றால் மணலில் முளை அடித்துப் பயனில்லை. ஒரு பனங்குற்றியின் நடுவில் கயிறு கட்டி, இடுப்பளவு ஆழத்தில் குறுக்காகப் புதையுங்கள்.

காற்று ஒரு பக்கமாகவே அடிக்கும் என்று நினைத்தும் கட்டக் கூடாது. 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறியது. அப்படி ஒரு புயல் நமக்குத் தெற்கால் கடந்து போகும்போது வடகிழக்கில் இருந்து அடித்த காற்று மெல்லத் தென்கிழக்குக்குத் திரும்பிவிடும். நான்கு மூலைக்கும் கட்டு வேண்டும்.

எஞ்சினை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டோம், இனிப் பயமில்லை என்று நினைப்பதும் பிழை. நல்ல தண்ணீரில் ஓடவிட்டு உப்பைக் கழுவ வேண்டும். மண்ணெண்ணெய் எஞ்சினைக் கடைசியாகப் பெற்றோலில் ஓட்டி, காபரேட்டரைக் காலியாக்கி, நிமிர்த்தி வையுங்கள். கியர் ஒயிலைத் திறந்து பாருங்கள். பால்தேத்தண்ணி நிறத்தில் வந்தால் தண்ணீர் போயிருக்கிறது, ஒயில் ‘சீல்’ மாற்றாமல் வைக்கக் கூடாது. வலையையும் எண்ணெய்க் குழாயையும் படகுக்குள் விட்டால் எலிக்கு விருந்து.

சரி, கழற்றிய அந்த மூடி எங்கே? தையில் பாதிப் பேர் அதைத்தான் தேடுவார்கள். எஞ்சின் பிடியிலேயே ஒரு நூலில் கட்டிவிடுங்கள். மூடி இல்லாமல் கடலில் தள்ளி, முழங்கால் அளவு தண்ணீரோடு திரும்பி இழுத்த படகையும் பார்த்திருக்கிறேன்.