சாட்ஸ்வொர்த்தில் பின்கட்டு அறையை வாடகைக்கு விடுமுன்

எந்த இனத்தார் எங்கே வசிக்கலாம் என்று பிரித்த குழுப் பகுதிச் சட்டத்தைக் காட்டி கேட்டோ மேனர் போன்ற இடங்களிலிருந்து கிளப்பப்பட்ட இந்தியக் குடும்பங்களைக் குடியேற்ற, 1960-களில் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குத் தெற்கே கட்டிய ஊர் சாட்ஸ்வொர்த். 1991-இல் அந்தச் சட்டம் ஒழிந்தது. இன்று பிள்ளைகள் வேறு ஊர் போய்விட்ட வீடுகளின் அவுட்பில்டிங் எனும் பின்கட்டு அறையில் ஜூலு பேசும் இளம் குடும்பங்கள் குடியிருக்கின்றன. கையில் சொற்பச் சம்பளம் உள்ளவருக்குக் கட்டுப்படியாகும் வீடு அந்த ஓர் அறைதான். வீட்டுக்கார ஆயாவுக்கோ மாதச் செலவே அந்த வாடகையில்தான் ஓடுகிறது. அறையும் தாளும் சரியாக இருந்தால் இருவருக்கும் நிம்மதி.

குடியிருக்கும் அறை 6 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது. அகலம் 2 மீட்டராவது வேண்டும், உயரம் 2.4 மீட்டர். சன்னல் கண்ணாடி தரைப்பரப்பில் 10 சதவீதம், அதில் திறக்கும் பகுதி தரைப்பரப்பில் 5 சதவீதம். 12 சதுர மீட்டர் அறைக்கு 1.2 சதுர மீட்டர் கண்ணாடி என்று கணக்குப் போடுங்கள். கராஜை அறையாக்குபவர்கள் பெரிய கதவை அடைத்துவிட்டு ஒரு சிறு சன்னலோடு நிறுத்திவிடுகிறார்கள். டர்பனின் கோடை ஈரத்தில் அலமாரிக்குப் பின்னால் கரும்பூஞ்சை படர்வது அதனால்தான். டர்பனை நிர்வகிக்கும் எதெக்வினி மாநகராட்சியில் வரைபட அனுமதி வாங்கிய பிறகே செங்கல் வையுங்கள். இல்லாவிட்டால் வீட்டை விற்கப் போகும்போது அதுவே தடையாக வந்து நிற்கும்.

அதிகம் கவலைப்பட வேண்டியது மின்சாரத்தைப் பற்றித்தான். சமையலறை சன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் வயர் இழுத்துக் கொடுப்பது இங்கே சகஜம். இரண்டு அடுப்புத் தட்டு 2,500 வாட், கெட்டில் 2,000 வாட். இரண்டும் ஒன்றாக ஓடினால் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 20 ஆம்பியர் ஆகிறது. பிளக் தாங்குவதோ 16. பிளக்கை உருவிப் பாருங்கள்: உலோகப் பின்களின் ஓரம் பழுப்பேறி, பிளாஸ்டிக் இளகியிருந்தால் நெருப்புக்கு இன்னும் அதிக நாள் இல்லை. வீட்டுக்கு மின்சாரத்தைப் பிரித்துத் தரும் டிபி போர்டிலிருந்து அறைக்குத் தனி சர்க்யூட், தனி பிரேக்கர், மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் எர்த் லீக்கேஜ் போட்டு, பதிவு பெற்ற எலெக்ட்ரீஷியனிடம் சான்றிதழ் வாங்குங்கள். ப்ரீபெய்ட் துணை மீட்டர் வைத்தால் யூனிட்டுக்கு மாநகராட்சி விலைக்கு மேல் வாங்காதீர்கள்.

'நம்ம ஆட்களுக்கு மட்டும்' என்று விளம்பரம் போடாதீர்கள். இனத்தைப் பார்த்து ஆளை மறுப்பதை 1999-இன் வாடகை வீட்டுச் சட்டம் தடுக்கிறது. இனத்தைச் சொல்லி விரட்டப்பட்டவர்கள் கட்டி எழுப்பிய ஊரில் அதை நாமே செய்வது பெரிய கொடுமை.

வாய்ப்பேச்சு ஒப்பந்தமும் செல்லும். ஆனாலும் வாடகை, தண்ணீர்க் கட்டணம் யாருடையது, காலி செய்ய ஒரு மாத எழுத்து அறிவிப்பு ஆகியவற்றைத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். குடிவரும் முன் இருவரும் சேர்ந்து அறையைப் பார்த்து, விரிசல், உடைந்த தாழ்ப்பாள், ஒழுகும் குழாய் என்று பட்டியலிட்டு ஒப்பந்தத்தோடு இணையுங்கள். டெபாசிட்டைச் செலவு செய்துவிடாமல் வட்டி தரும் கணக்கில் போடுங்கள். காலி செய்யும்போதும் கூடவே நின்று பாருங்கள். நீங்கள் பார்க்காமல் விட்டால் அறை நல்ல நிலையில் இருந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும், முழுத் தொகையையும் வட்டியோடு கொடுக்க வேண்டியதுதான். சேதம் இல்லையென்றால் 7 நாளில் திருப்பித் தர வேண்டும். பழுது பார்த்தால் செலவு ரசீதைக் காட்டிக் கழித்துக்கொண்டு, மிச்சத்தை 14 நாளில் கொடுங்கள். ஒவ்வொரு மாத வாடகைக்கும் தேதி போட்ட ரசீது கொடுப்பதும் கட்டாயம்.

வாடகை நின்றால் பூட்டை மாற்றாதீர்கள், தண்ணீரை அடைக்காதீர்கள். நீதிமன்ற உத்தரவு இல்லாமல் வெளியேற்றுவது 1998-இன் சட்டவிரோத வெளியேற்றத் தடுப்புச் சட்டப்படி குற்றம், சிறைவரை போகும். பாக்கித் தொகையையும் கெடுநாளையும் எழுதிக் கடிதம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். அதற்கும் அசையாவிட்டால் வாடகை வீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போங்கள். அங்கே புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது. ஒப்பந்தம், பட்டியல், ரசீதுப் புத்தகம் மூன்றையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.