பழைய கடற்படை வாள் கைக்கு வந்தால் செய்யக்கூடாதவை

பிரிட்டிஷ் கடற்படை அதிகாரிகளின் '1827-ஆம் ஆண்டு மாதிரி' வாளில் தங்க முலாம் பூசிய பித்தளைக் கைக்காப்பு இருக்கும். அதில் கிரீடமும் கயிறு சுற்றிய நங்கூரமும். உச்சியில் சிங்கத்தலை, பிடியில் வெள்ளைத் திருக்கைத் தோல், அதன்மேல் முலாம் பூசிய கம்பி. இப்படி ஒன்று கிடைத்ததும் பலர் முதலில் தேடுவது பித்தளை பாலிஷைத்தான்.

குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பது போல இதைத் தேய்த்தால் பளபளக்கும், சரி. ஆனால் பளபளப்பது அடியிலிருக்கும் பித்தளை. முலாம் துணியோடு போயிருக்கும். பாதரசத்தில் கரைத்த தங்கத்தைப் பூசி, சூடாக்கிப் பாதரசத்தை ஆவியாக்குவது அந்தக் காலத்து முலாம் முறை. இன்று மறுபடி முலாம் பூசினாலும் பழம்பொருளுக்கான மதிப்பு திரும்பாது. சிங்கத்தின் பிடரி இடுக்குகளில் வெள்ளையாக ஏதாவது காய்ந்து கிடக்கிறதா பாருங்கள். இருந்தால் முன்பே யாரோ பாலிஷ் போட்டுத் தேய்த்திருக்கலாம். மென்மையான தூரிகையால் தூசி தட்டினாலே போதும்.

அலகில் உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். அமிலத்தால் பொறித்த நங்கூரமும் கொடிகளும் மேலாகத்தான் பதிந்திருக்கும், தேய்த்தால் மங்கிவிடும். வெறும் விரல் பட்ட இடத்திலும் துரு பிடிக்கும். பருத்திக் கையுறை போட்டு, எண்ணெயை மெல்லியதாகப் பூசி மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள்.

உறைதான் பாவம், யாரும் கவனிப்பதில்லை. கறுப்புத் தோலின் தையல் காலப்போக்கில் இற்றுப்போகும். தோலை முஷ்டியால் இறுக்கிப் பிடித்து வாளை உருவினால் தையல் பிரிந்து கையை வெட்டலாம். வாய்ப்பகுதியிலுள்ள பித்தளைப் பூணைப் பிடித்து மெல்ல உருவ வேண்டும். ஆண்டுக்கணக்கில் உறைக்குள்ளேயே வைப்பதும் தவறு. பதனிட்ட தோல் ஈரத்தை இழுக்கும், அலகு கெடும். பித்தளை தோலைத் தொடும் இடத்தில் பச்சைக் களிம்பும் ஏறும். இடுப்புவாரின் பழைய தொங்கல் பட்டைகளில் மாட்டிச் சுவரில் தொங்கவிடவும் கூடாது. வாளின் எடையை அவை தாங்காது.

வாள் பிடியில் கட்டும், நீலமும் தங்க நிறமும் கலந்த குஞ்சத்தைச் சோப்பு போட்டு அலசுபவர்களும் உண்டு! அது ஜரிகை. கறுத்திருந்தால் அப்படியே விடுங்கள்.

அப்புறம், காலக் கணிப்பு. சிங்கத்தலையை மட்டும் பார்த்து '19-ஆம் நூற்றாண்டு' என்று பணம் கொடுத்துவிடாதீர்கள். பெரிய மாற்றமில்லாமல் அந்த வடிவம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அலகின் முதுகு குழாய்போல உருண்டிருந்தால் பெரும்பாலும் 1846-க்கு முந்தைய வடிவம். விக்டோரியாவின் முத்திரையெழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கின்றனவா என்றும் பாருங்கள். வில்கின்சன் நிறுவனம் செய்த வாள்களில் 1850-களின் நடுவிலிருந்து அலகின் முதுகில், கைக்காப்பை ஒட்டி, வரிசை எண் இருக்கலாம். சிங்கத்தலை இல்லாத, கறுப்புப் பிடி வாளைப் போலி என்று ஒதுக்கிவிடவும் வேண்டாம். கமிஷன் பெற்ற அதிகாரிகளுக்கு அடுத்த நிலையிலிருந்த வாரண்ட் அதிகாரிகளின் வாள் அப்படித்தான் இருந்தது.

உறை அதே வாளுக்கு உரியதுதானா என்பதற்கு ஒரு சோதனை உண்டு. கைக்காப்பின் உள்பக்கத்திலுள்ள மடக்குத் தகட்டின் துளை, உறையின் வாயிலுள்ள குமிழில் சரியாகப் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் துளையை அரத்தால் அகலப்படுத்தாதீர்கள்; விலையைக் குறைத்துக் கேளுங்கள்.