பங்குனில குளத்துக்கரைக்கு பறவை பாக்கப் போறவங்க பண்ற தப்புகள்

மொத தப்பு, பறவைன்னாலே காட்டுக்குள்ளதான் போகணும்னு நெனைக்கிறது. முண்டந்துறை, மாஞ்சோலைனு பெர்மிஷனுக்கு அலைவாங்க, ஆனா ஐப்பசி கார்த்திகை மழைல பெருகுன நம்ம திருநெல்வேலிப் பக்கத்துக் குளமெல்லாம் மாசி பங்குனிலதான் வத்த ஆரம்பிக்கும், மீனெல்லாம் மிச்சத் தண்ணில ஒதுங்கும், அதுக்குப் பின்னாடியே நாரை, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன்னு எல்லாம் அங்கன வந்து கூடிரும். மூலைக்கரைப்பட்டி பக்கம் கூந்தன்குளம் 1994ல இருந்து சரணாலயம், தாமிரபரணிக் கரைல மருத மரத்துலயும் இலுப்பையிலயும் நாரை அடையுற திருப்புடைமருதூர 2005லயே பாதுகாப்புக் காப்பகமா அறிவிச்சுட்டாங்க. பெரிய ஊரு வேணும்னு கூட இல்ல, உங்க சாஸ்தா கோயில் குளம் போதும். ஆனா தை மாசம் பாத்த வரித்தலை வாத்த சித்திரைல போய் தேடாதீங்க, அது இமயமலை தாண்டிப் போற கூட்டம், அதுக்குள்ள கெளம்பிரும்.

டிபன் முடிச்சு பத்து மணிக்குப் போறதும் வீண். விடியும்போது கரைல நிக்கணும், ஒன்பது மணிக்கு மேல நம்ம வெயில்ல பறவையும் அசையாது நம்மளாலயும் முடியாது.

இப்ப எனக்கு கோவம் வர்ற விஷயம். கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் மரத்துல சும்மா உக்காந்திருக்குனு கை தட்டுறது, கல்ல விடுறது, ட்ரோன் பறக்க விடுறது, எதுக்குன்னா பறக்குற போட்டோ வேணுமாம். அது சும்மா உக்காரல அண்ணாச்சி, சின்னக் குஞ்சுக்கு ரெக்கைய விரிச்சு நெழல் குடுத்துக்கிட்டு இருக்கு, தாய் எந்திரிச்ச அடுத்த நிமிஷம் காக்கா வந்து முட்டைய தூக்கிரும், இல்லன்னா வெயில்ல குஞ்சு வாடிப் போயிரும். தீபாவளிக்குக் கூட வெடி போடாத கூந்தன்குளத்து ஜனங்க முன்னாடி போய் இத பண்ணாதீங்க.

மரத்த மட்டும் அண்ணாந்து பாத்துட்டு நடக்காதீங்க, தரையிலயும் கூடு இருக்கு. ஆள்காட்டிக் குருவி கூடுன்னு ஒண்ணும் கட்டாது, சரளைல லேசா குழி பறிச்சு நாலு முட்டை, மண்ணு கலர்ல கருப்பு புள்ளியோட, காலடில இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. தலைக்கு மேல கத்திக்கிட்டே சுத்தி வந்துச்சுன்னா கூட்டுப் பக்கம் வந்துட்டீங்கன்னு அர்த்தம், தேடாதீங்க, ஃபோன எடுக்காதீங்க, வந்த வழியே திரும்புங்க. மத்தியான வெயில்ல அது போய் வயித்த தண்ணில நனைச்சுட்டு வந்து முட்டை மேல உக்காந்து சூட்ட ஆத்தும், நீங்க அங்கனயே நின்னா அதுக்கு வழியில்ல. கரைச் சரிவுல சின்ன ஓட்டை இருந்தா மிதிச்சு உதுக்காதீங்க, பஞ்சுருட்டான் குருவி வீடா இருக்கும்.

குஞ்சு கீழ கெடக்குன்னு உடனே வீட்டுக்குத் தூக்கிட்டு வர்றது இன்னொண்ணு. இறகு முளைச்சு தத்தித் தத்தி நடந்துச்சுன்னா அது பறக்கப் பழகுது, தாய் பக்கத்துலதான் இருக்கும், விட்டுருங்க. இறகே இல்லாத குஞ்சுன்னா கூடு எட்டுற ஒசரத்துல இருந்தா திரும்ப வச்சிரலாம், மனுஷக் கை பட்டா தாய் சேக்காதுங்கிறது சும்மா கதை. கிளிக்குஞ்ச கொண்டாந்து வளக்கலாம்னா 1972 வனவிலங்குச் சட்டப்படி அது குத்தம்.

கூடு இருக்குற இடத்த லொகேஷனோட ஸ்டேட்டஸ் போடாதீங்க, மறுநாளே பைக்ல ஒரு கூட்டம் வரும்.

கடைசியா செருப்பு. கண்ணாடி விரியனும் சுருட்டையும் இருக்குற ஊரு நம்மது, காஞ்ச புல்லுக்குள்ளயும் கல்லிடுக்குலயும் அசையாம கெடக்கும், ஷூ போட்டு பாத்து கால் வைங்க. கடிச்சிருச்சுன்னா கயித்தக் கட்டி இறுக்குறது, கீறி விடுறது, பச்சிலைன்னு நேரத்தப் போக்குறது எதுவும் வேண்டாம், கடிபட்டவர நடக்க விடாம 108க்கு அடிச்சு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க, திருநெல்வேலி டவுன் பக்கம்னா நேரா ஐகிரவுண்டு கவர்மெண்ட் ஆஸ்பத்திரி.