'ஒண்ணுமில்ல'ங்கிற ஒரே வார்த்தைய வச்சு 'கிங் லியர்' படிக்கிறது எப்படி

பழைய நாடகம்னாலே மூடி வச்சிடுறவங்களுக்கு நான் சொல்ற வழி இது. கதைச்சுருக்கம் எல்லாம் அப்புறம், ஒரே ஒரு வார்த்தைய புடிச்சுக்கோங்க, கையில பென்சில் வச்சுக்கோங்க. ஷேக்ஸ்பியரோட 'கிங் லியர்'ல அது 'நத்திங்', நம்ம வீட்டுப் பேச்சுல 'ஒண்ணுமில்ல'.

முதல் காட்சிய வாய்விட்டுப் படிங்க, கூட ஒருத்தர் உக்காந்தா இன்னும் நல்லது. வயசான ராஜா நாட்ட மூணா பிரிக்கிறாரு, யாருக்கு என்மேல பாசம் ஜாஸ்தின்னு பொண்ணுங்கள சபையில வச்சே கேக்குறாரு. மூத்தவ கானரில் கண்பார்வைய விட நீங்கதான் ஒசத்திங்கிறா, ரீகன் அதுக்கும் ஒரு படி மேல போறா, கடைசிப் பொண்ணு கார்டீலியா மட்டும் "ஒண்ணுமில்ல"ங்கிறா. அவரு "ஒண்ணுமில்லையா?"ங்கிறாரு, அவ திரும்ப "ஒண்ணுமில்ல"ங்கிறா. இந்த நாலஞ்சு வரிய மட்டும் கோவமா ஒரு தடவ, பயந்து ஒரு தடவ, அழுகைய அடக்கிட்டு ஒரு தடவன்னு மாத்தி மாத்திப் படிங்க. ஒவ்வொரு தடவையும் வேற ஒரு பொண்ணு வந்து நிப்பா.

அடுத்த காட்சியில க்ளாஸ்டர்ங்கிற பிரபுவோட மகன் எட்மண்ட் தானே எழுதின பொய் லெட்டர அப்பா கண்ணுல படுற மாதிரி ஒளிக்கிறான், என்னடா படிக்கிறன்னு க்ளாஸ்டர் கேக்க அவனும் அதே "ஒண்ணுமில்ல"தான். அவ சொன்னது உண்மை, இவன் சொன்னது தூண்டில். ரெண்டு எடத்துலயும் கோடு போட்டுட்டு புத்தகத்த கீழ வச்சிடுங்க.

இப்ப வீட்ட கவனிங்க. எங்கம்மா போன்ல மூணு வாரம் "ஒண்ணுமில்லடா"ன்னே சொன்னாங்க, நானும் லியர் மாதிரியே "என்னாச்சு, சொல்லு"ன்னு அதையே திருப்பித் திருப்பிக் கேட்டேன், பதில் வரல. அப்புறம் ஒரு நாள் "காலைல மாடிப்படி ஏறுனியாம்மா?"ன்னு கேட்டப்பதான் முழங்கால் வலிய பத்தி பேச ஆரம்பிச்சாங்க. சின்ன கேள்வியா கேளுங்க, கேட்டுட்டு கொஞ்சம் சும்மா இருங்க.

அப்புறம் நாலாவது அங்கத்துக் கடைசிக்குப் போங்க. அந்த 'ஒண்ணுமில்ல'க்காக கார்டீலியாவ விரட்டிவிட்ட லியர், என்னை வெறுக்க உனக்குக் காரணம் இருக்குன்னு அவகிட்டயே சொல்றாரு, கார்டீலியா "காரணம் இல்ல, காரணம் இல்ல"ங்கிறா, அவ்ளோதான். அங்க 'நத்திங்'கிற வார்த்தையே கிடையாது ஆனா நான் அங்கயும் கோடு போட்டு வச்சிருக்கேன், முதல் காட்சியில பேச வராத பொண்ணு இங்கயும் ரெண்டே வார்த்தையிலதான் பேசுறா, அத தாங்க முடியல எனக்கு.

கடைசியா அவ செத்த பிறகு லியர் "இனிமே வரமாட்ட"ன்னுட்டு சொல்ற வார்த்தை 'நெவர்'. 1608ல அச்சான புத்தகத்துல அது மூணு தடவ, 1623 பதிப்புல அஞ்சு தடவ. ரெண்டையும் சத்தமா படிச்சுப் பாருங்க. அஞ்ச கத்தாதீங்க, ஒவ்வொண்ணுக்கும் குரல கொஞ்சம் எறக்குங்க. மூணாவதுக்கு அப்புறம் மூச்சு வாங்கும், வாங்கட்டும், மீதி ரெண்டையும் அந்த மூச்சோடயே சொல்லுங்க.