நோய்ப்பெயரின் வேரைத் தேடும் முறை: ‘புற்று’ முதல் ‘கேன்சர்’ வரை

மருத்துவச் சொல் ஒன்றின் பிறப்பை அறிய விரும்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் மருத்துவ அகராதியைத்தான் புரட்டுகிறார்கள். அதை இரண்டாவதாகப் புரட்டுவதே நல்லது. நோய்க்குப் பெயராவதற்கு முன் அந்தச் சொல் எந்தப் பொருளைக் குறித்து வந்தது என்பதைப் பொது அகராதிதான் சொல்லும். ‘புற்றுநோய்’ என்ற சொல்லையே எடுத்துக்கொண்டு, தேடும் முறையைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில், உங்களுக்குக் கிடைக்கும் மொழிகளில் எல்லாம் அந்த நோயின் பெயரைத் திரட்டி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அதன் அன்றாடப் பொருளை எழுதிக்கொள்ளுங்கள். தமிழில் புற்று என்பது கறையான் கட்டும் மண்மேடு. கிரேக்கத்தில் ‘கார்க்கினோஸ்’ என்றால் நண்டு. லத்தீனின் ‘கான்கெர்’, அரபியின் ‘சரத்தான்’ ஆகியவையும் நண்டுதான். ஜெர்மனின் ‘க்ரெப்ஸ்’, ரஷ்யனின் ‘ராக்’ ஆகிய சொற்கள் நண்டுக்கு நெருங்கிய நன்னீர் உயிரினத்தைச் சுட்டுகின்றன. பின்னிஷ் மொழியில் நோயின் பெயர் ‘தின்னுதல்’ என்ற வினையிலிருந்து வந்தது. சீன எழுத்திலோ, நோயைக் காட்டும் குறியீட்டுக்குள் பாறையைக் காட்டும் வடிவம் அமர்ந்திருக்கிறது. இந்தப் பட்டியலைப் போட்டு முடித்தாலே பாதி வேலை தீர்ந்துவிடும். கண்ணுக்கு முன்னால் நண்டு, மண்மேடு, பாறை, தின்னும் வாய் என நான்கு படங்கள் நிற்கும்.

அடுத்து, இந்தச் சொற்களுக்கு இடையே உள்ள உறவைப் பிரிக்க வேண்டும். என் அனுபவத்தில் பலரும் சறுக்குவது இந்த இடத்தில்தான். ஒலியும் பொருளும் சேர்ந்தே வந்திருந்தால் அது கடன் வாங்கிய சொல்: ஆங்கிலத்தின் ‘கேன்சர்’ லத்தீனிலிருந்து வந்தது, நாம் பேச்சில் சொல்லும் ‘கேன்சர்’ ஆங்கிலத்திலிருந்து வந்தது. ஒலி முற்றிலும் வேறாக இருந்தும் படம் மட்டும் ஒன்றாக இருந்தால், பெரும்பாலும் அது மொழிபெயர்ப்பு. ‘சரத்தான்’ என்ற சொல்லுக்கும் ‘கார்க்கினோஸ்’ என்ற சொல்லுக்கும் ஒலியில் ஒட்டுறவு இல்லை. ஆனால் ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் போன்றோர் கிரேக்க மருத்துவ நூல்களை அரபிக்குப் பெயர்த்தார்கள் என்பதை நினைவில் கொண்டால், நண்டு எந்த வழியாக அங்கே போய்ச் சேர்ந்தது என்பது விளங்கும். இந்தியில் எழுதப்படும் ‘கர்க்க ரோக்’ என்ற பெயரும் இவ்வாறு பெயர்க்கப்பட்டதே. ஒலியும் படமும் இரண்டுமே வேறாக இருந்தால், அந்த மொழி தன் கண்ணால் கண்டு தானே பெயர் வைத்திருக்கிறது என்று முதற்கட்டமாகக் கொள்ளலாம். நம் ‘புற்று’ இந்த வகையைச் சேர்ந்தது.

ஒலி ஒற்றுமையை மட்டும் நம்பி முடிவு கட்டாதீர்கள். மலையாளத்திலும் கன்னடத்திலும் இந்த நோய்க்கு ‘அர்புதம்’, ‘அர்புத’ என்ற பெயர்கள் வழங்குகின்றன. தமிழ் வாசகர் ஒருவர் இதைக் கேட்ட மாத்திரத்தில், ‘அற்புதம்’ எப்படி நோயாயிற்று என்று திகைப்பார். இரண்டுக்கும் தொடர்பே இல்லை. நம் ‘அற்புதம்’ வடமொழியின் ‘அத்புத’ என்ற சொல்லிலிருந்து வந்தது. நோயின் பெயரோ ‘அர்புத’ என்ற வேறொரு வடமொழிச் சொல். மெல்ல வளர்ந்து, பழுத்து உடையாமல் நிற்கும் உருண்டையான கட்டியைப் பழைய வடமொழி மருத்துவ நூலான சுசுருத சங்கிதை அப்பெயரால் விவரிக்கிறது. அதே வேளையில், கிரேக்கத்தின் ‘கார்க்கினோஸ்’, வடமொழியின் ‘கர்க்கட’ ஆகிய இரண்டும் ஒலியில் நெருங்கியிருப்பது தற்செயல் அன்று. அவை ஒரே மொழிக்குடும்பத்தின் உறவுச் சொற்கள் என்பது மொழியியலாளர் கருத்து. நண்டு ராசியைக் குறிக்கும் நம் ‘கடகம்’ அந்த வடமொழிச் சொல்லின் வழி வந்ததே. ஆகவே ஒலி ஒற்றுமை விசாரணையைத் தொடங்க உதவுமே தவிர, தீர்ப்பு எழுத உதவாது.

பெயருக்கான காரணத்தைத் தேடும்போது இன்னும் கூடுதல் எச்சரிக்கை தேவை. ஏன் நண்டு? இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க மருத்துவர் கேலன், கட்டியைச் சுற்றிப் புடைத்து நிற்கும் இரத்தக் குழாய்கள் நண்டின் கால்களைப் போலத் தோன்றுவதாக எழுதினார். ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த மருத்துவர், ஏஜினா தீவின் பவுல், பிடித்த இடத்தை நண்டு விடாததைப் போல இந்நோயும் விடாது என்று சிலர் சொல்வதாகக் குறிப்பிட்டார். இந்தப் பெயரோ பண்டைய கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டிஸ் காலத்திலேயே வழக்கில் இருந்தது; இருவருமே அதற்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியவர்கள். எனவே அவர்கள் தரும் காரணங்களை விளக்கங்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பெயர் வைத்தவரின் வாக்குமூலம் என்று எழுதிவிடாதீர்கள்.

படம் ஒன்றாக இருப்பதாலேயே நோயும் ஒன்று என்று ஆகிவிடாது. புற்றுக்கு வடமொழியில் ‘வல்மீகம்’ என்று பெயர். சுசுருத சங்கிதை அப்பெயரிலேயே ஒரு நோயைச் சொல்கிறது. கை, கால், கழுத்து முதலிய இடங்களில் புற்றைப் போல மெல்ல எழும்பி, பல துளைகள் வழியே நீர் வடியும் நோய் அது. மண்மேட்டில் துளைகள் இருப்பதை அருகில் நின்று பார்த்தவருக்கு இந்த ஒப்புமை உடனே புலப்படும். இதை இன்றைய புற்றுநோயாகக் கொள்வதற்கில்லை. வருணனை, பூஞ்சையாலும் சிலவகை நுண்ணுயிரிகளாலும் உண்டாகும் ‘மைசெட்டோமா’ என்ற நோயோடுதான் கூடுதலாகப் பொருந்துகிறது.

காலத்தையும் கவனியுங்கள். கிரேக்கர்களின் ‘கார்க்கினோஸ்’ ஆறாத புண்களையும் உள்ளடக்கிய விரிந்த சொல். லத்தீனின் நண்டுச் சொல்லிலிருந்தே ஆங்கிலத்தில் ‘கேங்கர்’ என்ற பெயரும், பிரெஞ்சு வழியே ‘சாங்கர்’ என்ற பெயரும் பிரிந்தன. பின்னது இன்று மேகப்புண்ணைக் குறிக்கிறது, முன்னது எலுமிச்சை இலையில் பாக்டீரியாவால் வரும் சொறி நோய்க்குக்கூடப் பெயராக இருக்கிறது. கறையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்த கதைதான்: பழைய சொல் அப்படியே இருக்கும், உள்ளே புதுப்பொருள் வந்து குடியேறியிருக்கும். பழைய நூலில் இப்பெயரைக் காணும்போதெல்லாம் அந்நூல் தரும் அறிகுறிகளைப் படித்த பிறகே இன்றைய நோயோடு பொருத்திப் பாருங்கள்.

கடைசியாக, கூட்டுச்சொற்களைப் பிரித்துப் பாருங்கள். புற்றுநோய் வகை ஒன்றின் பெயரான ‘கார்சினோமா’ என்பதில் உள்ள ‘ஓமா’ என்ற ஈறு பெரும்பாலும் கட்டியையோ வீக்கத்தையோ குறிக்கும். அது இருப்பதாலேயே புற்றுநோய் என்று பதற வேண்டியதில்லை. ‘ஹீமட்டோமா’ என்பது இரத்தம் கட்டிய வீக்கம், ‘லைப்போமா’ என்பது தீங்கற்ற கொழுப்புக் கட்டி, கண்நோயான ‘கிளாக்கோமா’ என்பதில் கட்டியே கிடையாது. 1847-இல் ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்கோ சூட்டிய ‘லுக்கேமியா’ என்ற பெயரைப் பிரித்தால் ‘வெள்ளை’, ‘இரத்தம்’ என்ற இரண்டு கிரேக்கச் சொற்கள் மட்டுமே கிடைக்கும். நண்டும் இல்லை, கட்டியும் இல்லை. அதையே நாம் ‘இரத்தப் புற்றுநோய்’ என்கிறோம். ஓடிக்கொண்டிருக்கும் இரத்தத்தில் மேடு எங்கே எழும்பும்? அந்தத் தொடரில் உள்ள ‘புற்று’ மண்மேட்டை மறந்து, ஒரு நோய்வகையின் பெயராக மட்டுமே நிற்கிறது. உங்கள் குறிப்பேட்டில் அதை வேறு வரிசையில் எழுதுங்கள்.