கடைவீதி புதுப்பிக்கப்படும்போது வியாபாரிகள் செய்ய வேண்டியவை

சிறு நகரங்களில் பழைய தினசரி சந்தையையோ, பேருந்து நிலையத்தை ஒட்டிய கடைவீதியையோ இடித்துவிட்டுப் புதிய வளாகம் கட்ட நகராட்சி முடிவெடுக்கும்போது, அங்கே தொழில் செய்பவர்கள் பெரும்பாலும் இடிக்கும் இயந்திரம் வந்து நின்ற பிறகே ஒன்றுகூடுகிறார்கள். அதற்குள் வரைபடம் ஒப்புதல் பெற்று, ஒப்பந்தப்புள்ளியும் முடிந்திருக்கும். ஆகவே, திட்டம் பற்றிய பேச்சு ஊரில் எழுந்த உடனேயே வேலையைத் தொடங்கிவிட வேண்டும்.

முதலில் தாள்களைக் கையில் வாங்குங்கள். மன்றத் தீர்மானத்தின் நகல், விரிவான திட்ட அறிக்கை, கடைகளின் எண்ணிக்கையும் அளவும் காட்டும் வரைபடம் ஆகியவற்றை வார்டு உறுப்பினர் வழியாகக் கேட்கலாம். அவ்வழியில் கிடைக்காவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பித்தால் 30 நாட்களுக்குள் அவர் பதில் அளிக்க வேண்டும்.

அடுத்து, உங்கள் நிலை எது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். நகராட்சிக் கடையைக் குத்தகைக்கு எடுத்தவர் ஒப்பந்தம், வாடகை ரசீதுகள், வைப்புத்தொகை செலுத்திய சான்று, தொழில் உரிமம் ஆகியவற்றை ஒரே கோப்பில் சேர்த்து வைக்க வேண்டும். புதிய வளாகத்தில் பழைய குத்தகைதாரர்களுக்கு முன்னுரிமை தரப்படும் என்று யார் வாய்மொழியாகச் சொன்னாலும் அதை நம்பிக் கடையைக் காலி செய்யாதீர்கள். அந்த உறுதி மன்றத் தீர்மானத்திலோ ஆணையரின் கடிதத்திலோ எழுத்தாக இடம்பெற வேண்டும் என்று மனுக் கொடுத்து, மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீதையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

தரைக்கடையும் தள்ளுவண்டியும் வைத்திருப்போருக்கு 2014ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டம் துணை நிற்கிறது. கணக்கெடுப்பு முடிந்து, கணக்கில் வந்த அனைவருக்கும் விற்பனைச் சான்றிதழ் வழங்கப்படும் வரை யாரையும் அப்புறப்படுத்தவோ இடம் மாற்றவோ கூடாது என்று அது சொல்கிறது. இந்தப் பாதுகாப்பு கணக்கெடுப்புப் பட்டியலோடு பிணைந்திருப்பதால், எல்லாவற்றிலும் முதன்மையான வேலை பட்டியலில் பெயர் இருப்பதை உறுதி செய்வதுதான் என்பேன். அதிகாலையில் கீரை விற்றுவிட்டு எட்டு மணிக்குள் வீடு திரும்பும் பெண்களும், வாரச்சந்தை நாளில் மட்டும் வருவோரும், பகல் நேரத்தில் நடக்கும் கணக்கெடுப்பில் எளிதாக விடுபட்டுப்போவார்கள். எனவே சங்கத்தின் சார்பில் நீங்களே இடம், நேரம், விற்கும் பொருள், எத்தனை ஆண்டுகளாக விற்கிறார் என்ற விவரங்களோடு ஒரு பட்டியல் தயாரித்து, அதை இச்சட்டத்தின்படி அமைக்கப்படும் நகர விற்பனைக் குழுவிடம் ஒப்படைத்துவிடுங்கள். ஆணையரைத் தலைவராகக் கொண்ட அந்தக் குழுவில் குறைந்தது 40 விழுக்காட்டினர், வியாபாரிகளே தம்முள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளாக இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்கள். உங்கள் ஊரில் குழு முறையாகக் கூடுவதில்லையென்றால், அதைக் கூட்டச் சொல்லிக் கேட்பதே உங்கள் முதல் மனுவாகட்டும்.

வரைபடம் கிடைத்ததும் அதைத் தொழில் தெரிந்த கண்ணோடு படிக்க வேண்டும், ஏனெனில் வரைந்தவர் சந்தையில் உட்கார்ந்து விற்றவர் அல்லர். காய்கறிக் கடைகள் மாடியில் ஒதுக்கப்பட்டிருந்தால் அதை அப்போதே எதிர்த்துச் சொல்லுங்கள். கால் கிலோ தக்காளிக்காக யாரும் படியேற மாட்டார்கள், அக்கடைகள் பூட்டியே கிடக்கும், வாடகை வராமல் நகராட்சியும் நட்டப்படும். மீன், இறைச்சிப் பகுதியில் தரைச் சரிவும் கழிவுநீர் வாய்க்காலும் எந்தப் பக்கம் போகின்றன, லாரியில் வரும் மூட்டைகளை எங்கே இறக்குவது, பெண்களுக்குக் கழிப்பறை எங்கே, சாமான்களை இரவில் பூட்டி வைக்க இடம் உண்டா, சிறு கடையின் மேடை எத்தனை அடி அகலம் என்பவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டு, குறைகளை எழுத்தில் கொடுங்கள். கடையின் பரப்பு கூடினால் வாடகையும் கூடும் என்பதால், பெரிய கடை எல்லாருக்கும் நன்மை என்று கருதிவிடக் கூடாது. கட்டுமானம் நடக்கும் காலத்திற்கான தற்காலிகச் சந்தை எங்கே என்பதிலும் இதே கவனம் தேவை. ஊருக்கு வெளியே வாங்குபவர் வராத மைதானத்தில் ஓராண்டு உட்கார்ந்தால், சிறு முதலைக் கடனாகப் பெற்றவர் திரும்பவும் எழுந்து நிற்பது கடினம்.

இடம் மாற்றியே தீர வேண்டிய நிலை வந்தால், சான்றிதழ் பெற்ற வியாபாரிக்கு 30 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். பொருட்கள் பறிமுதல் செய்யப்பட்டால் அவற்றின் பட்டியலைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். உரிமை கோரி அணுகும்போது அழுகக்கூடியவற்றை அன்றே திருப்பித் தர வேண்டும், மற்றவற்றை இரண்டு வேலை நாட்களுக்குள். இவை மறுக்கப்பட்டால், சாலையோர வியாபாரிகள் சட்டத்தின் 20ஆம் பிரிவின்படி, உரிமையியல் நீதிபதியாகவோ நீதித்துறை நடுவராகவோ இருந்த ஒருவர் தலைமையில் அமைக்கப்பட வேண்டிய குறைதீர்ப்புக் குழுவிடம் எழுத்து வடிவில் முறையிடலாம்.